கடைசியாகப் பறித்தவை

நான்காவது கொத்தின் அடியைப் பிளந்தபோது இலாரியாவின் கத்தி சறுக்கியது.

நல்ல துடைப்பக் காளானில் கத்தி சறுக்காது. முள்ளங்கியை நறுக்குவது போல நறுக்கென்று இறங்கும். உள்ளே பாலாடைக்கட்டி மாதிரி வெள்ளையாக, கெட்டியாக இருக்கும். விரலால் அழுத்தினால் உதிருமே தவிர ஒட்டாது. இதன் உட்புறமோ வெந்த வெங்காயம் போலக் கண்ணாடியாக மின்னியது. தொட்டுப் பார்த்தாள். விரல் நுனியில் பசை வந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் அவளுடைய மாமியாரைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் "கையைத் தூக்கு, இந்தப் பக்கம் திருப்பு" என்று மெதுவாகச் சொல்வதும், சொம்பு தண்ணீரில் முங்கும் சத்தமும் கேட்டன. தொமித்திலா விடியும் முன் இறந்திருந்தாள். வயது அறுபத்தெட்டு. இரண்டு வாரமாகச் சளி. கடைசி நான்கு நாள் அது நெஞ்சில் இறங்கிவிட்டது. டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று சொன்னபோது, "காளான் முடியட்டும், போறேன்" என்றாள். ஆகஸ்ட் மாதத்தில் அந்த மலையில் யாரும் அதை விநோதமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நேற்றுக் காலையில்கூட எழுந்து மலைக்குப் போய்விட்டு, மத்தியானம் கூடையோடு இறங்கி வந்தாள். கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பாயில் படுத்தாள். அவ்வளவுதான்.

துக்கத்துக்கு வருகிறவர்களை வெறும் வயிற்றோடு அனுப்பக் கூடாது. அடுப்பில் பீன்ஸ் வெந்துகொண்டிருந்தது. கூடையில் இருபத்துமூன்று கொத்துக் காளான் இருந்தது. துடைப்பக் காளான் ஒரு நாளைக்கு மேல் தாங்காது. நுனி கறுத்து, அடி இளகி, மறுநாள் தண்ணீராகப் போய்விடும். அதனால் வீட்டுப் பெண்கள் இலாரியாவிடம், "நீ அதைச் சுத்தம் பண்ணு, வர்றவங்களுக்கு ஆகும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போயிருந்தார்கள்.

கடலோரத்துக்காரர் யாராவது இதைப் பார்த்தால் பவளம் என்பார். ஒரே அடியிலிருந்து நூறு கிளை பிரியும். ஒவ்வொரு கிளையும் மறுபடி பிரிந்து, கடைசியில் விரல் நகத்தைவிடச் சிறிய பற்களாக முடியும். மலிண்ட்சி மலைக்காரர்களில் பாதிப் பேர் கடலைப் பார்த்ததில்லை. அவர்களுக்கு இது பாத்திரம் தேய்க்கும் வேர்த் துடைப்பம் மாதிரி இருந்தது. பெயரும் அப்படியே நின்றுவிட்டது.

துடைப்பங்களில் பல வகை உண்டு. சாப்பிடுவது ஊதா நுனி உள்ளதை. கிளை பால் நிறமாக இருக்கும். நுனியில் மட்டும் யாரோ ஒயினில் தொட்டு எடுத்த மாதிரி ஒரு ஊதாச் சிவப்பு. சாப்பிடக் கூடாதது உடம்பு முழுக்க இளஞ்சிவப்பாக, நுனி எலுமிச்சை மஞ்சளாக இருக்கும். அதைத் தின்றால் ஆள் சாவதில்லை, ஆனால் இரண்டு நாள் வயிறு புரட்டிப் போட்டுவிடும். குழந்தையோ வயசானவரோ என்றால் இரண்டு நாளோடு நிற்காமலும் போகலாம். முற்றிப்போனால் இரண்டும் ஒரே மங்கல் பழுப்பாகிவிடும் என்பதால்தான் அடியைப் பிளந்து பார்க்கிற பழக்கம் வந்தது. இளசாக இருக்கும்போது பிளக்க வேண்டிய அவசியமே இல்லை. கண்ணே போதும்.

இலாரியாவின் கையில் இருந்தது இளசு. இளஞ்சிவப்பு உடம்பு. மஞ்சள் நுனி.

அதைத் தனியாக வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். நல்லது. அதற்கடுத்ததும் நல்லது. எட்டாவது மறுபடியும் மஞ்சள் நுனி. அதற்குப் பிறகு அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, கூடை முழுவதையும் சாக்கின் மேல் கொட்டி, ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். ஐந்து. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகூடப் பறிக்காத ஐந்து.

நாற்பது வருஷம் காளான் பறித்தவள் தொமித்திலா. அந்த வீடு மழைக்காலத்து நான்கு மாதமும் அவள் கூடையில்தான் ஓடியது. காளான் கொடுத்தால் சோளம் வரும், ரொட்டி வரும். ஒரு தடவை குட்டியோடு ஒரு வெள்ளாடே வந்தது. மற்றவர்கள் கொண்டு வரும் கூடையை வாங்குகிறவர்கள் கிளறிப் பார்ப்பார்கள். தொமித்திலாவின் கூடையை யாரும் கிளறியதில்லை.

இலாரியா ஒரு மஞ்சள் நுனிக் கொத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, மாமியார் எப்படிப் பறிப்பாள் என்று யோசித்துப் பார்த்தாள். மலையில் அவளோடு இலாரியா அதிகம் போனதில்லை. விறகு எடுக்கிற சாக்கில் மாமனார் செஃபெரினோதான் கூடப் போவார்; அவள் பறிக்கும்போது அவர் விறகு பொறுக்க ஒதுங்கிவிடுவார். ஆனால் வேலி ஓரத்தில் முளைத்தவற்றை மாமியார் பறிப்பதைப் பார்த்திருக்கிறாள். தொமித்திலா காளானைத் தூக்கிப் பிடித்துப் பார்க்க மாட்டாள். கட்டை விரலால் அடியை நெருடுவாள். ஒரு துணுக்கைக் கிள்ளி நாக்கு நுனியில் வைத்துத் துப்புவாள். நல்லது என்றால் ஒன்றும் சொல்ல மாட்டாள். கசந்தால் "தூ" என்று தள்ளிவிடுவாள். கைதேர்ந்தவளின் தோரணை என்றுதான் இலாரியா நினைத்திருந்தாள்.

பிறகு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. மூன்று வருஷமாக ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பது இலாரியாதான். "எனக்குப் பொறுமை இல்லடி" என்பாள். முற்றத்தில் யாராவது நுழைந்தால், அவர்கள் வணக்கம் சொல்லும்வரை காத்திருந்துவிட்டு அப்புறம்தான் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். போன கிறிஸ்துமஸுக்கு இலாரியாவின் கணவன் நிக்கானோர் வாங்கி அனுப்பிய சால்வையைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, "நல்ல கம்பளி" என்றாள். நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அவளுக்குக் கண் தெரியவில்லை. மூன்று மழைக்காலம் விரலாலும் நாக்காலும் பறித்திருக்கிறாள். ஒன்றுகூடத் தவறவில்லை.

இந்த வாரம் மட்டும் ஏன்? அதற்கும் விடை சீக்கிரமே வந்தது. புதன்கிழமை அவள் பீன்ஸில் மூன்று தரம் உப்புப் போட்டாள். யாராலும் வாயில் வைக்க முடியவில்லை. அவள் மட்டும் தட்டை வழித்துச் சாப்பிட்டாள். சளி நாக்கைக் கொண்டுபோயிருந்தது. நான்கு நாளாக விடாத மழை. மழையில் ஊறிய காளான், நல்லதும் கெட்டதும் விரலுக்கு ஒரே வழுவழுப்பு. கண் முன்னமே இல்லை. இப்போது நாக்கும் இல்லை, விரலும் இல்லை. அவள் நேற்று வெறும் நினைவிலிருந்து பறித்திருக்கிறாள், போன வருஷம் எந்த மரத்தடியில் நல்லது முளைத்ததோ அந்த மரத்தடியில்.

இலாரியா ஐந்து கொத்தையும் கவிழ்த்த வாளிக்கு அடியில் தள்ளினாள். கூடை பாதிதான் இருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. மீதிப் பாதி நேற்றே ஒப்தூலியா வீட்டுக்குப் போய்விட்டது.

*

ஒப்தூலியா நிக்கானோரின் ஞானத்தாய். ஒரு பிள்ளைக்கு ஞானத்தாய் ஆனவளை, அந்தப் பிள்ளையைப் பெற்றவள் கொமாத்ரே என்றுதான் கூப்பிட வேண்டும். அவளும் பதிலுக்கு அப்படியே கூப்பிடுவாள். முப்பத்தெட்டு வருஷமாக இருவரும் அப்படிக் கூப்பிட்டுக்கொண்டே சண்டை போட்டார்கள். ஒப்தூலியாவுக்கு ரொட்டி அடுப்பு இருந்தது. ஒரு கூடைக்கு ஒரு கூடை என்று காளானும் ரொட்டியும் கைமாறும். நேற்று வாங்கியதை இன்று துக்கத்துக்கு வருகிறவர்களுக்காக ஒரு பானையில் சமைத்துக்கொண்டிருந்தாள்.

தெருவில் போகும்போது இலாரியா என்ன சொல்வது என்று யோசித்தாள். உள்ளதைச் சொன்னால் பானை காலியாகிவிடும், அது நிச்சயம். அதோடு இன்னொன்றும் நடக்கும். மூன்று வருஷத்தில் அந்த ஊரில் யாருக்கெல்லாம் வயிறு வலித்ததோ அத்தனை பேருக்கும் இன்று காரணம் கிடைத்துவிடும். உடம்பு இன்னும் பெட்டிக்குள்கூட வைக்கப்படவில்லை. அதைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, "குருடி கொடுத்ததையா தின்னோம்" என்பார்கள். அவள் ஒருவருக்கும் கெட்டதைக் கொடுத்ததில்லை, நேற்றைத் தவிர. அந்த ஒரு நேற்று நாற்பது வருஷத்தையும் தின்றுவிடும். அப்புறம் அதே வீட்டிலிருந்து அதே கூடையை எடுத்துக்கொண்டு இலாரியா போனால் யார் கதவைத் திறப்பார்கள்?

சொல்லாமலே பானையைக் காலி பண்ண வேண்டும். எப்படி என்று தெரியவில்லை. கதவு வந்துவிட்டது.

"வாடி, வா. நீ ஏன் வந்த? நானே எடுத்துட்டு வர்றேன்ல." ஒப்தூலியா அடுப்படியிலிருந்தே கத்தினாள். கண் சிவந்திருந்தது. அது புகையாலும் இருக்கலாம். "பாரு, முழுப் பானை. உப்புத்தண்ணில ஊற வெச்சு, நாலு தண்ணி அலசி, கொதிக்க வெச்சு முதல் தண்ணியக் கொட்டிட்டேன். இப்ப வெங்காயம், மொளகா, எபசோத்தே எல்லாம் போட்டாச்சு. அவ செய்ற மாதிரியே. அவ உப்பு கம்மியா போடுவா, அது ஒண்ணுதான் நான் மாத்துனது."

எபசோத்தே இலையின் காரமான மணம் அறை முழுவதும் நிறைந்திருந்தது. காளான் பன்றிக் கொழுப்பில் வதங்கிப் பொன்னிறமாகியிருந்தது. ஊதா, மஞ்சள், இளஞ்சிவப்பு எல்லாம் ஒன்றாகிவிட்டது. கடவுளே வந்தாலும் இனிப் பிரிக்க முடியாது.

"ஒப்தூலியாம்மா, இதைக் கொண்டு வர வேண்டாம்."

"ஏன், உப்பு ஜாஸ்தியா? நீ வாயில வெக்கவே இல்லயே."

"நீங்க சாப்பிட்டீங்களா?" இலாரியாவின் குரல் அவளையறியாமல் உயர்ந்தது.

"அவள அடக்கம் பண்றதுக்கு முன்னாடி நான் எப்படிச் சாப்பிடுவேன்? நான் கொமாத்ரேடி." ஒப்தூலியா கரண்டியைப் பானையில் விட்டு ஒரு பூண்டுப் பல்லை எடுத்துக் காட்டினாள். "அதுக்குத்தான் பயப்படறியா? இந்தா, பூண்டப் பாரு. பல்லு மாதிரி வெள்ளையா இருக்கு. கெட்டது இருந்தா கறுத்திருக்கும்."

பூண்டுக்கு ஒன்றும் தெரியாது. துருப்பிடித்த பாத்திரத்தில் போட்டால் நல்ல காளானிலும் கறுக்கும். மண்பானையில் போட்டால் எந்த விஷத்திலும் வெள்ளையாகவே மிதக்கும். தொமித்திலா இதைச் சொல்லிச் சொல்லி ஒப்தூலியாவிடம் தோற்றுப்போயிருக்கிறாள். அந்தச் சண்டையை இன்று இலாரியா ஆரம்பிக்க முடியாது.

"பயம் இல்லம்மா. வழக்கம்." வார்த்தை தானாக வந்தது. வந்த பிறகு அதையே பிடித்துக்கொண்டு பேசினாள். "எங்க ஊர்ல, செத்தவங்க கை கடைசியா பறிச்சத யாரும் சாப்பிட மாட்டாங்க. அத மலைக்கே திருப்பிக் குடுத்துடணும்."

"உங்க ஊரா?"

"ஆமா."

"மலைக்கு அந்தப் பக்கம்."

"ஆமா."

"அந்தப் பக்கத்துல எதுக்குத்தான் வழக்கம் இல்ல! தும்முனா ஒரு வழக்கம், இருமுனா ஒரு வழக்கம். உன் கல்யாணத்துல ஒரு வான்கோழிக்கு முன்னாடி எங்கள அரை மணி நேரம் ஆட வெச்சீங்க, கால் வலி இன்னும் போகல." ஒப்தூலியா பானைக்குக் கீழே துணியைச் சுருட்டி வைத்தாள். "அவ உங்க ஊர்ல சாகல, எங்க ஊர்ல செத்துருக்கா. மலையேறி மழைல நனைஞ்சு, உயிரக் குடுத்துப் பறிச்சிருக்கா. அதக் கொண்டுபோய்க் கொட்டணுமா? பிடி ஒரு பக்கம்."

"அம்மா..."

"பிடிடி, சுடுது."

இலாரியா பிடித்தாள். பிடிக்காவிட்டால் ஒப்தூலியா தனியாகவே தூக்கியிருப்பாள். இருவரும் தெருவில் பானையைச் சுமந்துகொண்டு வந்தார்கள். வழியில் தடுக்கி விழலாமா என்று இலாரியா உண்மையாகவே யோசித்தாள். பாதை அன்றைக்கென்று சமமாக இருந்தது. ஒப்தூலியாவின் பிடியோ இரும்பு.

*

தொமித்திலாவைக் குளிப்பாட்டி, தலை வாரி, தரையில் சுண்ணாம்பால் போட்ட சிலுவையின் மேல் கிடத்தியிருந்தார்கள். டவுனிலிருந்து பெட்டி வர மத்தியானம் ஆகும். தலைமாட்டில் மெழுகுவத்தி எரிந்தது. சாம்பிராணிப் புகையில் முன்வரிசைக் குழந்தைகள் இருமினார்கள். முப்பது பேராவது இருந்தார்கள். பெஞ்சுகளிலும் கவிழ்த்த பெட்டிகளிலும் உட்கார்ந்து, சிலர் அழுதார்கள், சிலர் மழையைப் பற்றிப் பேசினார்கள். செஃபெரினோ சுவரோரம் ஒரு சின்ன நாற்காலியில், தொப்பியை முழங்காலில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஒப்தூலியா பானையை மேசையில் வைத்து மூடியைத் திறந்தாள். மணம் கூரைவரை போனது. யாரோ ஒருவர், "அவ கைப் பக்குவம் மாதிரியே இருக்கு" என்றார். இரண்டு குழந்தைகள் எழுந்தே வந்துவிட்டார்கள்.

ஒப்தூலியா தட்டை எடுத்தாள். இலாரியா கரண்டியை எடுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"குடுடி."

"வேணாம்மா. கேளுங்க."

"எல்லாரும் பாக்குறாங்க, குடு."

"பாக்கட்டும்."

மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். ஒப்தூலியாவின் கழுத்து சிவந்தது. அவள் இலாரியாவை விட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பினாள்.

"செஃபெரினோ, நீயே சொல்லுப்பா. உன் மருமக ஏதோ வழக்கம்னு சொல்றா. செத்தவங்க கடைசியா பறிச்சத யாரும் சாப்பிடக் கூடாதாம், மலைக்கே குடுத்துடணுமாம். நம்ம ஊர்ல அப்படி ஒண்ணு இருக்கா? நான் அறுபத்தஞ்சு வருஷமா இங்க இருக்கேன். எனக்கு மட்டும் தெரியாம ஒரு வழக்கம் இருக்கா?"

செஃபெரினோ ஒப்தூலியாவைப் பார்க்கவில்லை. இலாரியாவின் முகத்தையும் பார்க்கவில்லை. கரண்டியைப் பிடிக்காத கையைப் பார்த்தார். அந்த விரல்களில் காய்ந்த பசையும் அதில் ஒட்டிய மண்ணும் இருந்தன. நல்ல காளானைச் சுத்தம் செய்த கையில் மண் இருக்கும், பசை இருக்காது. இலாரியா கையைப் பாவாடையில் துடைத்தாள். அதற்குள் அவர் பார்த்துவிட்டார்.

தொப்பியை முழங்காலிலிருந்து எடுத்து மறு முழங்காலில் மாட்டினார்.

"இருக்கு," என்றார்.

"எப்பலேர்ந்து?"

"இருக்கு, கொமாத்ரே. மூடியப் போடு."

ஒப்தூலியா மூடியைப் போட்டாள். மனைவியைப் பறிகொடுத்த ஆள் அவள் பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்வதை எதிர்த்துப் பேச அவளாலும் முடியாது.

அதற்குப் பிறகு நடந்ததை இலாரியா எதிர்பார்க்கவில்லை. வாசலருகே உட்கார்ந்திருந்த ரெமிஹியா என்ற கிழவி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "இருக்கு, இருக்கு. எங்க சித்தப்பா செத்தப்ப அவர் கடைசியா வெட்டுன விறக நாங்க எரிக்கல" என்றாள்.

"அது பச்சை விறகு, அதான் எரியல," என்றான் அவள் மகன்.

"நீ சும்மா இருடா. உனக்கு அப்ப மூக்கே ஒழுக ஆரம்பிக்கல."

செபம் சொல்லும் எவரிஸ்தோ அதற்கு ஒரு காரணமும் கண்டுபிடித்தார். கடைசியாகப் பறித்ததைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் ஆத்மா மலையில் அதைத் தேடிக்கொண்டே திரியும் என்றார். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். மேசைக்குப் பக்கத்தில் நின்ற குழந்தைகளை அம்மாக்கள் இழுத்துக்கொண்டார்கள். பீன்ஸும் ரொட்டியும் வந்தன. கால் மணி நேரத்தில் அந்த வழக்கத்துக்கு நூறு வயசாகிவிட்டது.

பின்முற்றத்தில் இலாரியா கை கழுவிக்கொண்டிருந்தபோது செஃபெரினோ வந்தார். கவிழ்த்திருந்த வாளியைக் காலால் லேசாக நகர்த்தினார்.

"எத்தனை?"

"இருபத்துமூணுல அஞ்சு, மாமா."

அவர் குனிந்து ஒன்றை எடுத்து மஞ்சள் நுனியைப் பார்த்தார். "காப்பியா வெந்நீரான்னே தெரியலன்னு சொல்லிட்டிருந்தா. ரெண்டு வாரமா."

"உப்பும்."

"மழை வேற."

"ஆமா, மாமா."

கொத்தை மறுபடி வாளிக்கடியில் வைத்துவிட்டு உள்ளே போனார். கூப்பிட்டார்கள், பெட்டி வந்துவிட்டது.

*

மறுநாள் பத்து மணிக்கு அடக்கம். நிக்கானோர் வடக்கே மொந்தெர்ரேயில் கட்டட வேலையில் இருந்தான். பதினாறு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து வந்து, முகம் கழுவாமலே பெட்டிக்குத் தோள் கொடுத்தான். மணி அடித்தார்கள், மண் போட்டார்கள். மழை பெய்யவில்லை. வழக்கம் மட்டும் பாக்கி இருந்தது.

அது இப்போது ஊருடையதாகிவிட்டதால் இருபது பேர் கூடவே வந்தார்கள். காடு ஆரம்பிக்கும் இடத்திலிருந்து கொஞ்ச தூரம் உள்ளே, பெரிய ஊசியிலை மரம் ஒன்றின் கீழே நின்றார்கள். நிக்கானோரும் ஒப்தூலியாவும் பானையைச் சுமந்து வந்தார்கள். கூடை இலாரியாவின் இடுப்பில் இருந்தது. நல்லவற்றோடு அந்த ஐந்தையும் அவள் சேர்த்திருந்தாள்.

செஃபெரினோ குழி தோண்டினார். ஆழமாகவே தோண்டினார். நாய் தோண்டி எடுத்துவிடக் கூடாது.

"எந்தப் பக்கம் பாத்துக் கொட்டணும்?" என்று ரெமிஹியா கேட்டாள்.

எல்லோரும் இலாரியாவைப் பார்த்தார்கள்.

"கிழக்க," என்றாள் இலாரியா.

"எங்க சித்தப்பாவுக்கும் கிழக்கதான்," என்றாள் ரெமிஹியா.

ஒப்தூலியா கிழக்கே திரும்பிப் பானையைச் சரித்தாள். ஒரு நாள் ஆறிய காளான் கட்டியாக விழுந்தது, பூண்டுப் பற்கள் இன்னும் வெள்ளையாக. இலாரியா கூடையை அதன் மேல் கவிழ்த்தாள். செஃபெரினோ மண்ணைத் தள்ளி மிதித்தார். எவரிஸ்தோ ஒரு செபம் சொன்னார். எந்தச் செபம் என்று அவருக்கே நிச்சயமில்லாததால் சுருக்கமாக முடித்தார். ஆட்கள் இறங்க ஆரம்பித்தார்கள்.

ஒப்தூலியா நின்றாள். காலிப் பானையை நிக்கானோரிடம் கொடுத்து முன்னே போகச் சொல்லிவிட்டு, இலாரியாவின் பக்கத்தில் வந்து மண்ணைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"நான் ஒண்ணும் கேக்கல."

"சரிம்மா."

"கேட்டா நீ சொல்லிடுவ. அப்புறம் எனக்குத் தெரிஞ்சிடும். எனக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரியும். என் வாய் எனக்குத் தெரியாதா." மூக்கைச் சால்வையில் துடைத்துக்கொண்டாள். "அடுத்த வாரம் கூடைய யாரு கொண்டு வருவா?"

"நான்தான்."

"புதன்கிழமை அடுப்பு மூட்டுவேன். சீக்கிரம் வா, ரொட்டி சூடா இருக்கும்." இரண்டடி நடந்துவிட்டுத் திரும்பினாள். "அவ கூடைய ஒரு நாளும் நான் கிளறிப் பாத்ததில்ல. உன்னதையும் பாக்கப் போறதில்ல. சொல்லிட்டேன்."

அவள் மற்றவர்களைப் பிடிக்க வேகமாக இறங்கினாள். கொஞ்ச தூரத்தில் அவள் குரல் கேட்டது, வழக்கத்தைப் பற்றி யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தாள்.

செஃபெரினோ மண்வெட்டியைப் புல்லில் துடைத்து, தோளில் வைத்துக்கொண்டார். பாதை ஒரு ஆள் போகும் அகலம்தான். நேற்றைய மழையில் அங்கங்கே அரித்திருந்தது. அவர் முன்னால் போனார், இலாரியா பின்னால். வெயில் மரங்களுக்கிடையே நேராக விழுந்தது. ஒவ்வொரு ஊசியிலையும் தெளிவாகத் தெரிந்தது.

"கல்லு," என்றார் செஃபெரினோ.

சத்தமாக இல்லை. திரும்பிப் பார்த்தும் இல்லை. மூன்று மழைக்காலம் சொல்லிப் பழகிய குரல். இலாரியா குனிந்து பார்த்தாள். பாதையின் நடுவே ஒரு கல் இருந்தது. தாண்டினாள்.

"இடது பக்கம் வேரு."

அவள் வலப்பக்கமாக நடந்தாள்.

"இங்க வழுக்கும். மெதுவா."

"சரி," என்றாள் இலாரியா.

அவர் வேகத்தைக் குறைத்தார். நான்கு எட்டு வைத்தார்.

"பள்ளம்," என்றார்.

இலாரியா காலை எட்டி வைத்தாள்.